பெரிய விமானம் கைக்கு வருவது எப்படி?

2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அமைப்பு) கோளாறால் பயணத்தைத் தொடராமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே சுற்றிவிட்டு, இரவு எட்டு மணிக்குப் பிறகு அதே திருச்சியில் பத்திரமாக இறங்கியது. டெல்டாவில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ ஓர் ஆளாவது இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. அதனால் அன்றைக்கு யாருக்கும் அது எங்கோ நடந்த செய்தியாகப் படவில்லை.

விமானம் இறங்கியதும் பேச்சு கிளம்பியது. "பைலட் அனுபவசாலி, அதனால்தான் தப்பித்தார்கள்" என்றார்கள் சிலர். "எல்லாம் ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும், அவர்களுக்கு என்ன வேலை" என்றார்கள் வேறு சிலர். பிள்ளையை விமானி படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கேட்பது இன்னொன்று: "சின்ன விமானத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டினால் பெரிய விமானம் தருவார்கள்?"

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான். பெரிய விமானத்தில் ஒரு விமானிக்கு அனுபவமும் தன்னம்பிக்கையும் எப்படி உண்டாகின்றன என்பது நமக்குச் சரியாகத் தெரியாது. தைரியம், கைப்பழக்கம், வருட சர்வீஸ் என்று தோன்றியதைச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் பெரிய விமானம் கேட்பது வேறொன்றை: அடுத்த சில நிமிடங்களில் விமானம் எங்கே, எந்த உயரத்தில், எந்த வேகத்தில் இருக்கும் என்பதை இப்போதே மனதில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம். இந்தப் பழக்கம் ஏன் தேவைப்படுகிறது, அதை எப்படி வளர்க்கிறார்கள் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு இயற்பியல் நினைவிருந்தால் போதும்.

நெல் ஏற்றிய டிராக்டர்

டிவிஎஸ் ஃபிஃப்டியில் வயலுக்குப் போய்வரும் ஒருவர், முதல் தடவையாக நெல் மூட்டை அடுக்கிய ட்ரெய்லரோடு டிராக்டரைக் கொள்முதல் நிலையத்துக்கு ஓட்டிப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்கு ஒன்றும் பெரிய பலம் வேண்டாம். அவர் திணறுவது பிரேக் பிடிக்கும்போது. முன்னால் ஆடு குறுக்கே வந்த பிறகு மிதித்தால், பின்னால் இருக்கும் அத்தனை மூட்டையும் சேர்ந்து வண்டியை முன்னே தள்ளும். அப்புறம் வாய்க்கால் பாலத்தில் திரும்பும்போது பாருங்கள். டிராக்டரின் முன் சக்கரம் பாலத்தின் நடுவில் சரியாக இருக்கும், ட்ரெய்லரின் பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு கரையை விட்டு இறங்கப் பார்க்கும். தான் உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்று, வண்டி முடியும் இடம் வேறொன்று என்று அவர் அப்போதுதான் உணர்வார். மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே டிராக்டர் வேறு வண்டி மாதிரி துள்ளும்.

பழகிய டிராக்டர் ஓட்டுநரின் கை வேகம் புதியவருடையதை விட அதிகம் என்று சொல்ல முடியாது. பாலம் வருவதற்கு முன்பே அவர் வேகத்தைக் குறைத்து, அகலமாக எடுத்து வைத்திருப்பார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த ஒப்புமை ஓர் எல்லை வரைதான் வரும். சந்தேகம் வந்தால் டிராக்டரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு யோசிக்கலாம். விமானத்தை நிறுத்திவிட்டு யோசிக்க முடியாது. அந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் விமானிகளின் பயிற்சி முறை முழுவதும் பிறக்கிறது.

எடையும் வேகமும் சேர்ந்தால்

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 நாலு பேர் உட்காரும் விமானம். முழுச் சுமையோடு சுமார் 1,100 கிலோ, அதாவது ஒரு காரின் எடை. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே பறக்கும் காற்றாடி விமானமான ஏடிஆர் 72, புதிய வகையில் 23 டன் வரை போகும். வளைகுடாவுக்குப் போகும் போயிங் 737-800 புறப்படும்போது அதிகபட்சம் 79 டன். பெரிய நகரங்களுக்கு இடையே கண்டம் தாண்டிப் பறக்கும் போயிங் 777-300இஆர் சுமார் 351 டன்.

எடை மட்டும் கூடினால் பரவாயில்லை, கூடவே வேகமும் கூடுகிறது. விமானத்தின் வேகத்தை நாட் என்ற அலகில் சொல்வார்கள்; ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர். செஸ்னா ஏறக்குறைய 60 நாட் வேகத்தில் தரையிறங்க வரும். 737 சுமார் 140 நாட்டில், அதாவது மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் வரும்.

ஓடும் ஒரு பொருளுக்குள் இருக்கும் ஆற்றலை இயக்க ஆற்றல் என்று பள்ளியில் படித்திருப்போம். எடை இரண்டு மடங்கானால் அந்த ஆற்றலும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானாலோ நான்கு மடங்கு. 66 டன் எடையோடு இறங்கும் 737-ஐ செஸ்னாவோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள். எடை 60 மடங்கு. வேகம் இரண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல், அதன் வர்க்கம் ஐந்துக்கும் மேல். இரண்டையும் பெருக்கினால் இறங்கும் நேரத்தில் 737-க்குள் இருக்கும் ஆற்றல் செஸ்னாவைப் போல 300 மடங்குக்கும் அதிகம். அவ்வளவையும் பிரேக்கும், இறக்கையின் மேல் விரியும் தடுப்புத் தகடுகளும், இன்ஜினின் எதிர்த்திசை உந்துதலும் சேர்ந்து ஓடுபாதை முடிவதற்குள் தின்று தீர்க்க வேண்டும். திருச்சி ஓடுபாதையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். பத்து நாட் வேகம் அதிகமாக வந்தாலோ, தொட வேண்டிய இடத்தைத் தாண்டித் தொட்டாலோ அந்த இரண்டரை கிலோமீட்டர் சட்டென்று சின்னதாகிவிடும்.

அன்றைக்கு விமானம் ஏன் அவ்வளவு நேரம் சுற்றியது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பெரிய விமானத்துக்கு இரண்டு எடை வரம்புகள் உண்டு. புறப்படலாம் என்று அனுமதித்த உச்ச எடை ஒன்று, இறங்கலாம் என்று அனுமதித்த உச்ச எடை ஒன்று. 737-800-க்கு முதலாவது 79 டன், இரண்டாவது சுமார் 66 டன். நடுவில் உள்ள 13 டன்னும் பறக்கும்போது எரிந்து தீரும் எரிபொருள் என்ற நம்பிக்கையில் கொடுத்த சலுகை. ஷார்ஜாவுக்கு வேண்டிய எரிபொருளோடு கிளம்பிய விமானம் உடனே திரும்பினால் அந்த எரிபொருள் அப்படியே இருக்கும். 777 போன்ற பெரிய விமானங்களில் பறந்துகொண்டே எரிபொருளை வெளியேற்றும் வசதி உண்டு. 737-ல் அது கிடையாது, எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்கு ஏறக்குறைய இரண்டரை டன் எரியும். ஓடுபாதையின் நீளத்தைக் கருத்தில்கொண்டு, எரிபொருளையும் எடையையும் குறைக்கவே சுற்றியதாக விமான நிறுவனமும் விளக்கம் கொடுத்தது.

தீப்பிடித்தது போன்ற நிலைமையாக இருந்தால் எடை அதிகமானாலும் உடனே இறங்கிவிடுவார்கள், அதற்கும் விதிகளில் இடம் இருக்கிறது. எப்போது காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கக் கூடாது என்று நிதானமாகப் பிரித்துப் பார்ப்பதைத்தான் அனுபவம் என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் விமானிகள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் செய்துகொண்டிருந்தது முறையான வேலை.

இன்ஜின் உடனே கேட்காது

சின்ன விமானத்தின் பிஸ்டன் இன்ஜின், பைக் ஆக்ஸிலேட்டர் மாதிரி தள்ளியவுடன் இழுக்கும். ஜெட் இன்ஜின் அப்படிச் செய்யாது. உள்ளே சுழலும் கனமான தகடுகள் வேகம் பிடிக்கச் சில வினாடிகள் ஆகும். மிகக் குறைந்த சக்தியிலிருந்து, மறுபடி மேலே ஏறப் போதுமான உந்துதலுக்கு எட்டு வினாடிக்குள் வந்தாக வேண்டும் என்பது பயணிகள் ஜெட் விமானங்களுக்கான தர விதி. எட்டு வினாடி கொஞ்ச நேரம்தானே என்று தோன்றும். 140 நாட்டில் எட்டு வினாடி என்பது அரை கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம்.

செஸ்னாவில் கொஞ்சம் தாழ்வாக வந்துவிட்டால் கடைசி நேரத்தில் ஆக்ஸிலேட்டரைத் தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம். அந்தப் பழக்கத்தோடு ஜெட்டுக்கு வருபவர் முதலில் மறக்க வேண்டியது இதைத்தான். அதனால்தான் விமான நிறுவனங்கள் நிலைப்பட்ட அணுகுமுறை என்ற ஒரு கோட்டைப் போட்டு வைத்திருக்கின்றன. தரையிலிருந்து 1,000 அடி உயரத்துக்கு வரும்போதே (வானம் தெளிவாக இருந்தால் பல நிறுவனங்களில் 500 அடி) வேகம், இறங்கும் வீதம், திசை, சக்கரம், இறக்கையின் பின்னால் விரியும் மடிப்புகள் (ஃப்ளாப்), இன்ஜின் சக்தி எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். ஒன்று சரியில்லை என்றாலும் இறங்கும் முயற்சியை விட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். அதற்கு கோ-அரவுண்ட் என்று பெயர்.

நம்மூர் பயணிகள் கோ-அரவுண்டை விமானியின் தோல்வியாகப் பார்க்கிறார்கள். ஓடுபாதை ஜன்னலில் தெரிந்த பிறகு விமானம் திடீரென்று உறுமிக்கொண்டு மேலே ஏறினால் "இவருக்கு இறக்கத் தெரியவில்லை" என்று முணுமுணுப்பு கேட்கிறது. இது என்னை ரொம்பவே வருத்தும் தப்பெண்ணம். அந்த நேரத்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தன் வேலையை மிகச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார்.

கோடியக்கரைக்கு அப்பாலேயே ஆரம்பிக்கும் இறக்கம்

36,000 அடி உயரத்தில் வரும் ஜெட் எப்போது இறங்கத் தொடங்க வேண்டும்? விமானிகள் மனக்கணக்காக வைத்திருப்பது இது: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 36,000 அடிக்கு 108 கடல் மைல், அதாவது 200 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் வருவதாகக் கணக்குப் போட்டால், கோடியக்கரைக்கு அப்பால் வங்கக் கடலின் மேல் இருக்கும்போதே இன்ஜின் சக்தியைக் குறைக்க வேண்டும். வேதாரண்யம் உப்பளங்கள் கீழே தெரியும்போது யோசித்தால் உயரம் மிஞ்சிப்போயிருக்கும். வழவழப்பான உடலும் நீண்ட இறக்கையும் கொண்ட ஜெட் ஒரே நேரத்தில் வேகமாக இறங்கவும் வேகத்தைக் குறைக்கவும் சம்மதிக்காது. இரண்டில் ஒன்றைத்தான் நன்றாகச் செய்யும்.

இதில் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் தரையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால், கிழக்கு முனையில் நுழைந்து மேற்கு நோக்கிக் காற்றை எதிர்த்து இறங்குவது தோதாக இருக்கும். ஆனால் அதே பருவத்தில் பத்து கிலோமீட்டருக்கும் மேலே தென்னிந்திய வானில் அடிப்பது கிழக்குக் காற்று! சிங்கப்பூரிலிருந்து வரும் விமானத்தை அது முதுகில் தள்ளிக்கொண்டு வரும். இறங்க இறங்கக் காற்று திசை மாறி முகத்தில் அடிக்கத் தொடங்கும். கீழே குடையைப் பிடுங்கும் காற்றை வைத்து மேலே இருக்கும் காற்றை ஊகிக்க முடியாது. இரண்டையும் சேர்த்து மூன்று மைல் கணக்கைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தத் தெரிந்தவர்தான் அந்தத் தடத்தில் பழகியவர்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பெரிய விமானத்தில் ஆற்றல் அதிகம், அது கரைய நேரம் ஆகும், புதிதாகச் சேர்க்கவும் நேரம் ஆகும். ஆகவே எந்த முடிவையும் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். இதை விமானிகள் 'விமானத்துக்கு முன்னால் இருப்பது' என்பார்கள்.

கண் ஓரிடம், சக்கரம் ஓரிடம்

செஸ்னாவில் சக்கரம் தரையைத் தொடும்போது விமானியின் கண் ஏறக்குறைய ஆள் உயரத்தில் இருக்கும். தரை எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று உடம்பே சொல்லும். போயிங் 747-ன் விமானி அறை மேல்தளத்தில் இருக்கிறது. அதன் சக்கரங்கள் ஓடுபாதையைத் தொடும் நேரத்தில் விமானியின் கண் மூன்று மாடி உயரத்தில் இருக்கும். சின்ன விமானத்தில் பழகிய கண்ணை நம்பி, தரை 'அருகில்' தெரியும் வரை காத்திருந்தால் சக்கரம் அதற்கு வெகு முன்பே ஓடுபாதையில் மோதிவிடும்.

ஆகவே கண்ணுக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டும். இறங்கும் கடைசி நொடிகளில் மூக்கை மெதுவாக உயர்த்தி இறங்கும் வேகத்தைத் தணிப்பதற்கு ஃப்ளேர் என்று பெயர். பெரிய ஜெட்டில் இதற்குக் கைகொடுப்பது ரேடியோ உயரமானி. அது சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, விமானி அறையில் குரலாகவே ஒலிக்கும்: ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது, பத்து. புதிய விமானி அந்த எண்களைக் கேட்பதோடு நிற்பதில்லை. அவை வரும் தாளத்தைக் கவனிக்கப் பழகுகிறார். எண்கள் சீராக வந்தால் இறக்கம் சரி. படபடவென்று வந்தால் விமானம் வேகமாக விழுகிறது, மூக்கைக் கொஞ்சம் முன்னதாகவே உயர்த்த வேண்டும். 'இருபது' என்ற பிறகு நீண்ட மௌனம் வந்தால் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகிறது, காலடியில் ஓடுபாதை கரைந்துகொண்டிருக்கிறது. பார்வையை அப்போது மூக்குக்கு நேர் கீழே வைக்கக் கூடாது, ஓடுபாதையின் மறுமுனைக்கு மாற்ற வேண்டும். கீழே பார்த்தால் தரை ஓடும் வேகம்தான் தெரியும், உயரம் தெரியாது.

தரையில் உருட்டிச் செல்வதும் ஒரு தனிப் பாடம். 777-300-ல் விமானி உட்கார்ந்திருப்பது மூக்குச் சக்கரத்துக்கும் முன்னால். முதன்மைச் சக்கரங்கள் மூக்குச் சக்கரத்திலிருந்து 30 மீட்டருக்கும் மேல் பின்னால் இருக்கின்றன. திருப்பத்தில் தன் இருக்கை கோட்டைத் தாண்டிப் புல்வெளிக்கு மேல் போகும் வரை நேராக விட்டு, அப்புறம்தான் திருப்ப வேண்டும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. சக்கரங்களைப் பார்ப்பதற்கென்றே அந்த விமானத்தில் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். 747 வந்த புதிதில் கேமராவெல்லாம் இல்லை. அது முதலில் பறந்தது 1969 பிப்ரவரி 9-ல். அதற்கு விமானிகளைப் பழக்க, போயிங் நிறுவனம் ஒரு லாரியின் தலைக்கு மேல் போலி விமானி அறை ஒன்றை உயரமாகக் கட்டி, தரையில் ஓட்டிப் பயிற்சி கொடுத்தது. சோதனை விமானி ஜாக் வாடெலின் பெயரால் அதை 'வாடெல் வண்டி' என்று அழைத்தார்கள். அன்றைக்கு உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானத்துக்கான பயிற்சி லாரி மேல் தொடங்கியதை நினைத்தால் எனக்கு மிகுந்த மரியாதை வருகிறது. எது பழகவில்லையோ அதைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பழக்கியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு வகைக்கும் தனி அனுமதி

இந்தியாவில் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வணிக விமானி உரிமம் வேண்டும். அதைக் கொடுப்பது டிஜிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எழுத்துத் தேர்வுகளோடு 200 மணி நேரப் பறப்பு முடித்திருக்க வேண்டும். இந்த உரிமம் கிடைத்ததும் எந்த விமானத்தையும் ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. பெரிய விமானங்களில் ஒவ்வொரு வகைக்கும் தனியாகப் பயிற்சி பெற்று, தேர்வில் தேறி, உரிமத்தில் பதிவு வாங்க வேண்டும். இதுதான் டைப் ரேட்டிங்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், எல்லையைப் போடுவது அளவு மட்டுமே அல்ல என்பது. ஏர்பஸ் ஏ319, ஏ320, ஏ321 மூன்றும் நீளத்தில் வேறுபட்டாலும் ஒரே டைப் ரேட்டிங்தான். ஏ320-ம் போயிங் 737-ம் அளவில் ஏறக்குறைய ஒன்று, ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு ரேட்டிங். ஏர்பஸ்ஸில் பக்கவாட்டில் சின்ன கைப்பிடி, நடுவில் கணினி. 737-ல் இரு கையாலும் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம். தானியங்கி முறைகள் சிந்திக்கும் விதமே வேறு. "பெரிய விமானம் ஓட்டுகிறாரா?" என்று கேட்பதை விட "எந்த வகை ஓட்டுகிறார்?" என்று கேட்பதே பொருத்தம்.

சிமுலேட்டரில் நடப்பது

டைப் ரேட்டிங்கின் பெரும்பகுதி சிமுலேட்டரில்தான். உள்ளே நிஜ விமானி அறையின் அச்சு அசலான நகல், வெளியே அதை ஆட்டி அசைக்கும் ஆறு கால்கள். விளையாட்டுச் சாதனம் மாதிரி நினைக்க வேண்டாம். நிஜ விமானத்தில் யாரும் செய்து பார்க்கத் துணியாதவற்றை இதில்தான் மறுபடி மறுபடி செய்து பார்க்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கிறது. வி1 என்று ஒரு வேகம் உண்டு. அதற்குள் கோளாறு தெரிந்தால் நிறுத்திவிடலாம். அதைத் தாண்டினால் ஓடுபாதை போதாது, ஒரு இன்ஜின் செத்தாலும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். "வி1" என்று குரல் வந்ததும் கேப்டன் இன்ஜின் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிடுகிறார், நிறுத்தும் எண்ணமே வரக் கூடாது என்பதற்காக. சரியாக அந்த நொடியில் பயிற்சியாளர் பின்னாலிருந்து ஒரு இன்ஜினை அணைக்கிறார். மூக்கு அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. விமானி எதிர்ப்பக்கக் காலால் பெடலை அழுத்தி நேராக்கி, மூக்கைத் தூக்கி ஏற வேண்டும். சக்கரத்தை உள்ளே இழுப்பதைத் தவிர 400 அடி வரை வேறு எந்த அவசர வேலையும் கூடாது. மணி அடிக்கும், சிவப்பு விளக்கு மின்னும், கை துறுதுறுக்கும். அப்படியும் பறக்க மட்டும்தான் வேண்டும். பிறகு ஒருவர் நெம்புகோலைத் தொட்டுக் காட்ட, மற்றவர் "ஆம், அதுதான்" என்று உறுதி செய்த பிறகே செத்த இன்ஜினை அணைக்கிறார்கள்.

இவ்வளவு நிதானம் எதற்கு? 2015 பிப்ரவரி 4-ல் தைவானின் தைபே நகரில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 புறப்பட்ட சற்று நேரத்தில் ஒரு இன்ஜின் சக்தி இழந்தது. அவசரத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற இன்ஜினை அணைத்துவிட்டார்கள். விமானம் ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள். ஒரு இன்ஜினில் பறக்கக்கூடிய விமானம் அது.

தன்னம்பிக்கை பிறக்கும் இடம் இந்தச் சிமுலேட்டர்தான். "எது வந்தாலும் பார்த்துக்கொள்வேன்" என்ற மனநிலையை அங்கே யாரும் வளர்ப்பதில்லை. "இது வந்தால் முதலில் இதைச் செய்வேன், அடுத்து இதை" என்ற வரிசையைத்தான் ஊறவைக்கிறார்கள்.

பயணிகளோடு முதல் பயணம்

சிமுலேட்டர் முடிந்ததும் புதிய விமானிகளை, பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் பலமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஜெட் அனுபவம் உள்ளவர்களுக்குப் பல நாடுகளில் இதுகூடத் தேவையில்லை, அந்த அளவுக்குச் சிமுலேட்டர் நம்பகமானது. அதன்பின் பயணிகளோடு தடப் பயிற்சி. "அப்படியென்றால் கற்றுக்கொள்பவரை நம்பியா நம்மை ஏற்றுகிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும். பக்கத்து இருக்கையில் பயிற்சி கொடுக்கத் தகுதி பெற்ற கேப்டன் இருப்பார். ஆரம்பப் பயணங்களில் பின்னால் மூன்றாவதாக ஒரு விமானியும் உட்கார்ந்திருப்பார். அவர்கள் திருப்தியடைந்து எழுதிக்கொடுத்த பிறகுதான் சாதாரணப் பணி.

இரண்டு பேர் எதற்கு

துணை விமானி என்றால் உதவியாள் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இருவரும் அதே விமானத்துக்கு டைப் ரேட்டிங் வாங்கிய முழு விமானிகள். ஒரு பயணத்தில் ஒருவர் ஓட்டினால் மற்றவர் கண்காணிப்பார், அடுத்ததில் பெரும்பாலும் மாற்றிக்கொள்வார்கள். கண்காணிப்பவரின் வேலை வேகம், உயரம், ரேடியோ, சரிபார்ப்புப் பட்டியல் எல்லாவற்றையும் பார்ப்பதோடு, தப்பு தெரிந்தால் வாய்விட்டுச் சொல்வதும்தான். செஸ்னாவில் தனியாகப் பறந்து பழகியவருக்கு இது புது உலகம்.

2020 ஆகஸ்ட் 7 இரவு, மழையில் கோழிக்கோட்டில் இறங்கிய 737 ஓடுபாதையின் பாதித் தூரத்தில் தரையைத் தொட்டு, மறுமுனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். அணுகுமுறை நிலைப்படாமல் இருந்தும் ஓட்டிய விமானி இறங்குவதைத் தொடர்ந்தார், கண்காணித்தவர் கோ-அரவுண்ட் என்று சொல்லியும் அது நடக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. ஓட்டியவர் நீண்ட அனுபவம் உள்ள கேப்டன். தன்னைவிட மூத்தவரிடம் "வேண்டாம், மேலே ஏறுங்கள்" என்று அழுத்திச் சொல்வதும், இளையவர் சொன்னவுடன் மறுபேச்சில்லாமல் ஏறுவதும் பயிற்சியால் வர வேண்டியவை. பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு, இன்ஜின் செத்ததும் பெடலை அழுத்தப் பழகுவதை விட இது கடினமாக இருக்கலாம்.

மணிக்கணக்கும் ஆட்டோபைலட்டும்

மணி நேரத்தை வைத்து அனுபவத்தை அளப்பது எளிது, அதனால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். 2009-ல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் கேப்டன் பின்னால் இழுத்தார். மணி நேரம் முக்கியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த மணி நேரத்தில் என்ன பழகினார் என்பதும் சேர்ந்தால்தான் அது அனுபவம்.

2013 ஜூலை 6-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது இன்னும் நேரடியான பாடம். ஏசியானா விமானத்தின் 777-ஐ ஓட்டியவர் கிட்டத்தட்ட பத்தாயிரம் மணி நேரம் பறந்தவர், ஏ320-லிருந்து 777-க்கு மாறிக்கொண்டிருந்தார். 777-ல் அவர் பறந்தது 50 மணி நேரம்கூட இல்லை. உயரம் மிஞ்சியதால் தானியங்கியின் முறையை மாற்றினார், நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தார். அந்தச் சேர்க்கையில், வேகத்தைப் பராமரிக்கும் ஆட்டோத்ராட்டில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. அது வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று அவர் நம்பியிருந்தார். 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை சரிந்தது. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடற்சுவரில் வால் மோதி மூன்று பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த பயிற்சியாளருக்கும் பயிற்சியாளராக அதுவே முதல் பயணம்.

ஆட்டோபைலட் சொன்னதைச் செய்யும். சொன்னது சரியா, அது இப்போது என்ன முறையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும். இன்றைக்கும் பயணிகள் விமானங்கள் புறப்படுவது விமானியின் கையால்தான். தரையிறக்கத்திலும் பெரும்பாலானவை கையால் நடப்பவை. மூடுபனி போன்ற நேரங்களில், வசதி உள்ள விமான நிலையங்களில் தானியங்கி இறக்கம் உண்டு.

இடது இருக்கைக்கு வந்த பிறகும்

கேப்டன் ஆவதற்கு வேறோர் உரிமம் வேண்டும். குறைந்தது 21 வயது, 1,500 மணி நேரம் என்பது சட்டம் கேட்கும் அடிப்படை, நிறுவனங்கள் பெரும்பாலும் அதைவிட அதிகம் கேட்கின்றன. வலது இருக்கையிலிருந்து இடதுக்கு மாறும்போது கைகளும் மாறுகின்றன. ஏர்பஸ்ஸில் இத்தனை வருடம் வலக்கையால் பிடித்த கைப்பிடியை இனி இடக்கையால் பிடிக்க வேண்டும். அது சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் போகலாமா, திரும்பலாமா, காத்திருக்கலாமா என்ற கடைசிச் சொல் தன்னுடையது என்பது பழக நாளாகும்.

அதோடு தேர்வுகளும் முடிவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறன் சோதனை, அதில் மறுபடி அதே செத்த இன்ஜின், அதே 400 அடி. கடைசி 90 நாளில் மூன்று தடவையாவது ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. 2020-ல் கொரோனா ஊரடங்கால் உலகம் முழுக்க விமானங்கள் நின்றபோது, இருபதாயிரம் மணி நேரம் பறந்த கேப்டன்களும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். சிமுலேட்டருக்குப் போய் மூன்று முறை ஏறி இறங்கிக் காட்டிய பிறகுதான் அவர்களில் பலரை மறுபடி பயணிகளோடு பறக்க விட்டார்கள்.